பாதியில் நின்ற ஆட்டம்: குவான்ட் நேர்காணல் புதிர்களின் வம்சாவளி

1494-இல் வெனிஸில் அச்சேறிய லூகா பச்சோலியின் கணிதத் தொகைநூலில் ஒரு பந்தாட்டக் கணக்கு இருக்கிறது. முதலில் 60 புள்ளி எடுக்கும் தரப்புக்குப் பந்தயப் பணம் முழுதும் சேரும். ஒரு தரப்பு 50, மற்றது 20 என்றிருக்கையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது? எடுத்த புள்ளிகளின் விகிதப்படி, 5-க்கு 2 என்றார் பச்சோலி. 1556-இல் தார்தாலியா இதை மறுத்தார். ஒரே சுற்று முடிந்த நிலையில் ஆட்டம் நின்றால், இந்த விதிப்படி அதை வென்றவருக்கே எல்லாப் பணமும் போய்விடும் அல்லவா? மறுப்பு நியாயமானது. ஆனால் தார்தாலியா சொன்ன மாற்று வழியும் எடுத்து முடித்த புள்ளிகளின் வித்தியாசத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

நிதி நிறுவனங்கள் ‘குவான்ட்’ எனப்படும் கணிதப் பகுப்பாய்வு வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கும் நிகழ்தகவுப் புதிர்களுக்கு இந்தக் கணக்கே மூதாதை. அதன் முடிச்சு அவிழ 160 ஆண்டுகள் ஆயின.

1654 ஜூலை 29 அன்று பிளேஸ் பஸ்கால் பியேர் ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் தீர்வு இருக்கிறது. இருவர் ஆளுக்கு 32 பொற்காசு கட்டி ஆடுகிறார்கள். முதலில் மூன்று சுற்று வெல்பவருக்கு 64-ம் சேரும். ஒருவர் 2, மற்றவர் 1 வென்றிருக்கையில் ஆட்டம் நிற்கிறது. அடுத்த சுற்று நடந்திருந்தால் முன்னவருக்கு வெற்றியில் 64, தோல்வியில் 32. ஆகவே 32 காசு எப்படியும் அவருடையது. மீதி 32-இல் பாதிக்கு அவர் உரியவர். அவர் பங்கு 48. இந்த 48 கிடைத்ததும் அதற்கு முந்தைய நிலையும் பிடிபடுகிறது. 2-0 என்றிருந்தால் வெற்றியில் 64, தோல்வியில் 48, சராசரி 56. 1-0 என்றால் 56-க்கும் 32-க்கும் நடுவே 44. ஃபெர்மா, நடக்கக்கூடிய எல்லா வழிகளையும் எண்ணிப் பார்த்து அதே விடைகளை அடைந்தார். நடந்து முடிந்ததை விட்டு, நடக்கவிருப்பதை எடைபோட்டதுதான் இருவரும் செய்த பெரிய காரியம். பஸ்கால் கூடுதலாக, முடிவிலிருந்து பின்னோக்கி வரும் வழியையும் காட்டினார்.

1657-இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இதை எதிர்பார்ப்பு மதிப்பு என்ற கருத்தாக ஒழுங்குபடுத்தி, நூலின் கடைசியில் வாசகர்களுக்கு ஐந்து கணக்குகளை விட்டுச்சென்றார். ஆளுக்குப் 12 காய்களுடன் தொடங்கி, ஒருவர் கை வெறுமையாகும்வரை ஆடுவது ஐந்தாவது கணக்கு. ‘சூதாடியின் திவால்’ என்ற பெயரில் அது இன்றைய நேர்காணல்களிலும் வருகிறது.

1713-இல் நிக்கோலஸ் பெர்னூலி எழுப்பிய சிக்கல் இன்னும் ஆழமானது. அதன் பிற்கால வடிவில், தலை விழும்வரை நாணயம் சுண்டப்படுகிறது. முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் 1 காசு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4 என்று பரிசு இரட்டிக்கிறது. எதிர்பார்ப்பு மதிப்பு முடிவிலி. ஆனாலும் இந்த ஆட்டத்துக்கு எவரும் பெருந்தொகை தரமாட்டார். பணம் கூடக் கூட, ஒவ்வொரு கூடுதல் காசின் பயனும் குறைகிறது என்று 1738-இல் டேனியல் பெர்னூலி விளக்கினார். எதிராளியின் கஜானாவுக்கு எல்லை உண்டு என்பது நேர்காணலில் எடுபடும் மற்றொரு விடை. அவரால் 10,48,576 காசுக்கு மேல் தர இயலாது என்றால் ஆட்டத்தின் மதிப்பு சரியாக 11 காசுதான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கணக்குகள் பொது வாசகரிடமும் போய்ச் சேர்ந்தன. மார்ட்டின் கார்ட்னரின் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திகளும், 1965-இல் ஃபிரெடரிக் மாஸ்டெல்லர் வெளியிட்ட ஐம்பது புதிர்களின் தொகுப்பும் அதைச் செய்தன. அதே காலத்தில் எட்வர்ட் தார்ப் 1962-இல் சீட்டாட்டம் பற்றியும், ஷீன் கசூஃபுடன் சேர்ந்து 1967-இல் சந்தை பற்றியும் நூல் எழுதினார். சூதாட்ட மேசைக்கும் பங்குச் சந்தைக்கும் இருந்த தூரம் குறைந்தது.

1973 திருப்புமுனை ஆண்டு. குறித்த விலையில் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன்களுக்குச் சிகாகோவில் சந்தை திறந்தது. பிளாக், ஷோல்ஸ் இருவரின் விலைச் சூத்திரமும் வெளிவந்தது. 1979-இல் காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் மூவரும் அதை எளிய கிளைப் படமாக்கினர். பங்கின் விலை ஒவ்வொரு படியிலும் ஏறும் அல்லது இறங்கும். கடைசி நாளில் ஆப்ஷனின் மதிப்பு தெரியும். அங்கிருந்து பின்னோக்கி வரவேண்டும். பஸ்காலின் 64, 48, 56 கணக்கும் இதே வழியில் நடந்ததுதான். ஒரு வேறுபாடு முக்கியம்: இங்கே கிளைகளுக்குத் தரப்படும் எடை விலை ஏறுவதன் உண்மையான வாய்ப்பு அன்று; ஆபத்தில்லா லாபத்துக்கு இடமில்லாதபடி சந்தை விலைகளிலிருந்து பெறப்படுவது.

இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள் வால் ஸ்ட்ரீட்டுக்கு வந்தபோது, நிதி அறிவை மட்டும் கேட்டு அவர்களை அளக்க முடியவில்லை. புதிர் இரு தரப்புக்கும் பொதுவான மொழியாயிற்று. 1995-இல் திமோதி கிராக், 2008-இல் ஷின்ஃபெங் ஜோ ஆகியோரின் நேர்காணல் நூல்கள் வந்தபின் விடைகள் மனப்பாடத்துக்குக் கிடைத்தன. அதனால் கேள்வியைச் சிறிது மாற்றிப் போடுவதே கேட்பவருக்கு எஞ்சிய வழி.

பகடைக் கேள்வி அத்தகையது. விழும் எண் அளவுக்குப் பணம். ஒரே வீச்சென்றால் மதிப்பு 3.5. பிடிக்காவிட்டால் இன்னொரு முறை மட்டும் வீசலாம் என்றால், 4, 5, 6 விழுந்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும், மதிப்பு 4.25. மூன்று வீச்சு உண்டென்றால் முதல் வீச்சில் விழும் 4-ஐயும் கைவிடவேண்டும், ஏனெனில் அது 4.25-ஐவிடச் சிறியது, மதிப்பு 14/3. முடிவு நாளுக்கு முன்பே பயன்படுத்தக்கூடிய அமெரிக்க ஆப்ஷனை, இன்றே எடுப்பதா காத்திருப்பதா என்று ஒவ்வொரு படியிலும் தீர்மானிப்பதும் இதே ஒப்பீட்டால்தான்.