பீங்கானின் மின்குணமும் கலவையின் கணக்கும்

இரண்டாவது மகா யுத்தத்தின்போது வானொலிக் கருவிகளின் மின்தேக்கிகளுக்குக் காக்காய்ப்பொன் பெருமளவில் தேவைப்பட்டது. அது இந்தியாவிலிருந்தும் பிரேஸிலிலிருந்தும் கப்பலில் வரவேண்டிய சரக்கு. கடற்பாதை ஆபத்தாகவே, அதற்கு ஈடான பீங்கானைத் தேடலாயினர். ஒரு பொருளின் மின்தேக்கும் ஆற்றலை வெற்றிடத்தோடு ஒப்பிட்டு ஓர் எண்ணால் குறிப்பது வழக்கம். காக்காய்ப்பொன்னுக்கு அவ்வெண் சுமார் 7; டைட்டேனியம் ஆக்சைடுக்குச் சுமார் 100. இந்த ஆக்சைடுடன் பேரியம் சேர்த்துச் சுட்டபோதோ அது 1000-ஐயும் கடந்தது! 1941-க்கும் 1945-க்கும் இடையில் அமெரிக்கரும் ருஷ்யரும் ஜப்பானியரும் இதனைத் தனித்தனியே கண்டனர்.

இரும்பில் காந்தம் நிலைப்பதுபோல் சில பொருள்களில் மின்முனைகள் நிலைத்துநிற்கும் என்பதை வலாசெக் என்ற அமெரிக்கர் 1920-இல் ரோஷல் உப்பில் கண்டிருந்தார். இதற்குப் பெர்ரோ மின்தன்மை என்று பெயர். பெயரில்தான் இரும்பு உண்டு, பொருளில் இல்லை. ஆனால் அவ்வுப்பு நீரில் கரைவது. பேரியம் டைட்டனேட்டோ உறுதியான பீங்கான். அதன் படிகத்தில் ஆக்ஸிஜன் கூட்டுக்குள் டைட்டேனியம் நடுவிலிராமல் சற்றே விலகி நிற்கிறது. அவ்விலகலே மின்முனையாகும். சுமார் 120 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அது நடுவுக்கு வந்துவிட, அக்குணமும் மறைகிறது.

பேரியத்தில் நூற்றுக்கு முப்பது பங்கை நீக்கி ஸ்ட்ரான்ஷியம் இட்டால், அந்த வெப்பநிலை அறையின் சூட்டளவுக்கே இறங்கிவிடும். ஸ்ட்ரான்ஷியம் சிறியது, கூடு சுருங்கி டைட்டேனியம் விலக இடமின்றிப் போகிறது. அப்படியானால் பருமனே காரணம் என்று முடிவுகட்டலாமா? ஈயமும் பேரியத்தைவிடச் சிறியதே. ஆயினும் ஈய டைட்டனேட்டில் அந்த வெப்பநிலை 490 டிகிரிக்கு ஏறுகிறது. ஈயத்தின் எலக்ட்ரான்கள் ஆக்ஸிஜனோடு கொள்ளும் பிணைப்பே இதற்குக் காரணம்.

1954-இல் அமெரிக்க தேசியத் தர நிர்ணய நிலையத்தைச் சேர்ந்த ஜாஃபியும் துணைவரும் ஈய டைட்டனேட்டுடன் ஈய ஜிர்கோனேட்டைக் கலந்து ஆராய்ந்தனர். அழுத்தினால் மின்சாரம் தரும் குணம், இரண்டும் ஏறக்குறையச் சரிபாதியாகும் இடத்தில் உச்சம் தொட்டது. அவ்வெல்லையில் இருவேறு படிக வடிவங்கள் சமபலத்தோடு நிற்பதால், மின்முனைகள் எளிதில் திசை மாறுகின்றன. கடலடி ஒலிக்கருவிகளுக்கு இக்கலவையே பெரிதும் பயன்பட்டது. இதில் சிறிதளவு இரும்பு சேர்த்தால் மின்முனைகள் அசையாது இறுகும். நயோபியம் சேர்த்தால் நெகிழும்.

ஆனால் ஈயம் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் மின்கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோது, ஈடான மாற்று இல்லாமையால் இப்பீங்கானுக்கு விலக்களித்தது. 2004-இல் ஜப்பானியர் பொட்டாசியம், சோடியம், நயோபியம் அடங்கிய ஈயமில்லாப் பீங்கானொன்றை வெளியிட்டிருந்தனர். உலையில் சுடும்போது பொட்டாசியமும் சோடியமும் ஆவியாகிக் கலவையின் கணக்கு மாறிப்போவதே இவ்வகைப் பீங்கானில் பெருந்தொல்லை.