நொத்தாரிசு

மொன்றியல் நகரத்தில் வீடோ மனையோ வாங்கப் புகுந்த யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர், விலையைப் பேசி முடித்து வங்கியின் சம்மதத்தையும் பெற்றுக்கொண்ட பிறகு, "இனி நொத்தாரிசிட்டைப் போகவேணும்" என்று சொல்லுவதைக் கேட்கலாம். அவருடைய தம்பி ரொறன்ரோவில் வீடு வாங்கினால் போவது "லோயரிட்டை". சென்னையிலே மனை வாங்கும் சிநேகிதரோ பத்திர எழுத்தரையும் சார்பதிவாளரையும் நாடுவாரேயன்றி, நோட்டரி என்பவரை அக்காரியத்தில் நினைக்கவும் மாட்டார். சொத்து வாங்குமுன் பத்திரங்களைப் பரிசீலனை செய்தல் என்ற ஒரே கருமத்துக்கு ஊருக்கொரு வாசல் ஏற்பட்டமைக்குக் காரணம் என்னவென்று விசாரித்தால், அந்த விசாரணை நொத்தாரிசு என்ற சொல்லின் சரித்திரத்திலேயே நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

லத்தீன் மொழியில் 'நோத்தா' என்பது குறி என்று பொருள்படும். பிறர் பேசப் பேசவே அதனைக் குறிகளால் எழுதிக்கொள்ளும் எழுத்தனுக்கு 'நோத்தாரியுஸ்' என்பது பெயர். அவ்வித்தையில் பேர்பெற்றவன், ஸிஸரோவின் அடிமையாயிருந்து பின்னர் விடுதலை பெற்ற தீரோ என்பவன். ஆகவே, இன்று முத்திரையும் கையுமாக வீற்றிருக்கும் கனவான்களின் மூதாதை, எஜமானனின் வாய்மொழியைச் சுருக்கெழுத்தில் பிடித்த ஓர் அடிமையே. மத்திய காலத்து இத்தாலிய நகரங்களில், விசேஷமாகப் பொலோஞாவில், இத்தொழில் ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்தது; அத்தொழிலாளர் எழுதி ஒப்பமிட்ட பத்திரம் தானே பிரமாணமாகும் என்ற அந்தஸ்தும் ஏற்பட்டது. அங்கிருந்து சொல்லும் பொருளும் போர்த்துக்கலுக்கும் பிரான்ஸுக்கும் ஒல்லாந்துக்கும் கிளைத்துச் சென்றன.

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் பறங்கியராகிய போர்த்துக்கேயர் வசமும், 1658இல் ஒல்லாந்தர் வசமும் ஆயிற்று. நம் சொல் இவ்விருவருள் யார் கொண்டுவந்தது என்பதற்கு அதன் கடைசி எழுத்தே சாட்சி. போர்த்துக்கேயச் சொல்லின் ஈற்றில் சகரம் இல்லை. ஒல்லாந்தர் 'நோத்தாரிஸ்' என்பர். நாம் அதற்கோர் உகரத்தைச் சேர்த்து நொத்தாரிசு என்று வழங்கினோம். ஆங்கிலத்தின் வழியாக வந்திருந்தால், இந்தியாவில் நேர்ந்ததுபோல், டகரம் பெற்று நோட்டரி என்று ஆகியிருக்கும். நொத்தாரிசு அமர்ந்திருக்கும் கந்தோரும் ஒல்லாந்தச் சொல்லே. அதுவோ கணக்குமேசையைக் குறிக்கும் 'கொந்துவார்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. காணிகளின் விவரமெழுதிய பதிவேடாகிய தோம்பு மட்டும் பறங்கியர் விட்டுச் சென்ற சொல்; ஒல்லாந்தர் அதை அப்படியே எடுத்து ஆண்டனர்.

இதனால், பத்திரம் பார்க்கும் வித்தையையே ஒல்லாந்தர்தாம் நமக்குக் கற்பித்தனர் என்று எவரும் எண்ண வேண்டா. 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், மணப்பந்தலுக்கு வந்த கிழவேதியர் அடிமைச் சீட்டாகிய ஆளோலையைக் காட்டி வழக்கிட, சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை வேறே இருக்கிறது என்கிறார் கிழவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. சபையார் மூலவோலையை வாங்கி, கரணத்தானைக் கொண்டு வாசிப்பித்து, அதிலிருந்த சுந்தரருடைய பாட்டனாரின் எழுத்தைக் காப்பிலிருந்த வேறோர் ஓலையின் எழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புச் சொல்லுகிறார்கள். வந்தவர் சாக்ஷாத் பரமசிவனே ஆயினும், ஓலையைச் சரிபார்க்காமல் அவர்கள் விட்டார்கள் இல்லை!

ஆங்கிலேயர் இலங்கையில் ரோம-டச்சுச் சட்டத்தை நிலைக்கவிட்டபடியால் நொத்தாரிசும் அங்கே நிலைத்தார். நொத்தாரிசின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் எழுத்து மூலம் கையொப்பமாகாத காணி விற்பனை செல்லாது என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. முடித்த உறுதியின், அதாவது விற்பனைப் பத்திரத்தின், மூலப்பிரதி வாங்கினவரிடமும், இணைப்பிரதி காணிப் பதிவகத்திலும், இன்னொன்று நொத்தாரிசின் கட்டிலும் சேரும். உறுதி பார்க்கிறவர் காணியின் பெயர், பரப்பு, குழி, நான்கெல்லை ஆகியவற்றை வாசித்ததோடு திருப்திப்படலாகாது. அது வழிவழி வந்த முதுசமோ, சீதனமோ, தாமே சம்பாதித்த தேடியதேட்டமோ என்பதையும் கேட்டாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமாகிய தேசவழமையின்படி, யாருடைய சம்மதமில்லாமல் எதை விற்கலாகாது என்பது அந்த வகையைப் பொறுத்தது. உரித்தாளருக்கும் அயற்காணிக்காரருக்கும் முந்தி வாங்கும் உரிமையும் அதில் இருந்தது. அவர்கள் அறியும்பொருட்டு, விற்கும் எண்ணத்தைத் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்திலே பகிரங்கப்படுத்த வேண்டும் என்ற ஏற்பாடு ஒல்லாந்தர் காலத்தில் இருந்தது. நொத்தாரிசின் முன்னே அடைமொழியாக நின்ற 'பிரசித்த' என்ற வடசொல் இத்தகைய ஊரறிந்த காரியங்களுக்கு எவ்வளவு பொருத்தம்!

இந்தியாவிலோ ஆங்கிலச் சம்பிரதாயமே வேரூன்றியது. நோட்டரி நீதிமன்ற வாசலில் மேஜையைப் போட்டுக்கொண்டு, பிரமாணப் பத்திரத்துக்கும் நகலுக்கும் முத்திரை குத்துபவராக நின்றுவிட்டார். மூலப்பத்திரம் பார்ப்பது வக்கீலின் பாடு. வில்லங்கச் சான்று கொடுப்பது 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யும் அலுவலகத்தின் பாடு. பெயர் ஒன்றாயிருந்தும் ஆள் வேறு.

மொன்றியலிலே உறுதி எழுதும் அந்தப் பழைய ஆள் ஆதிமுதல் இருந்திருக்கிறார். இந்நகரம் 1642இல் வில்-மரீ என்ற பெயரோடு தோன்றியது. பியேர் கதுவா என்ற குடியானவனுக்கு 1648இல் இங்கே முதல் நிலமானியம் வழங்கப்பட்டது. ஊரின் முதல் நொத்தாரிசு ழான் த சேன்-பேர். அவர் 1657 அக்டோபரில் இரோக்வா வீரர்களால் கொல்லப்பட்டார். அவர்கள் கொய்துகொண்டு போன அவருடைய தலை, உயிரோடிருந்த காலத்தில் அவர் அறிந்திராத இரோக்வா பாஷையிலேயே அவர்களுடைய துரோகத்தை இடித்துரைத்துக்கொண்டு சென்றதாம்; இக்கதையைத் தொல்லியே த காஸோன் என்ற பாதிரியார் தம் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார். நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். உள்ளதை உள்ளபடி உரைக்கும் தொழில் உயிர் போயும் அவரை விடவில்லை என்பதாக நான் எடுத்துக்கொள்ளுகிறேன். பின்னர் ஆங்கிலேயர் இந்நாட்டைப் பிடித்தும், 1774ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரெஞ்சு உரிமைச் சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தனர். 1994 முதல் அமுலில் உள்ள கியூபெக் சிவில் சட்டத்தொகுப்பும், அசையா ஆதனத்தின் மீதுள்ள ஈடு நொத்தாரிசு எழுதி மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் பத்திரமாக இருந்தாலன்றிச் செல்லாது என்கிறது. வங்கிக்கடன் இல்லாமல் வீடு வாங்குபவர் சிலரே ஆதலால், அவர் வாசலை மிதிக்காமல் தப்புபவரும் சிலரே.

அவர் செய்யும் பரிசீலனையின் விவரம் இது: விற்பவருக்கு உரிமை எவ்வழியாக வந்தது என்று காணிப் பதிவேட்டில் பின்னோக்கிச் செல்லுவார், பழைய ஈடுகள் தீர்ந்து நீங்கினவா, பக்கத்து மனையாருக்கு வழியுரிமை முதலிய பாத்தியதை உண்டா, நகரசபை வரியும் பள்ளிக்கூட வரியும் நிலுவையின்றிச் செலுத்தப்பட்டனவா என்று பார்ப்பார், குடும்பம் வாழும் வீடாயின் மனைவி அல்லது கணவனின் சம்மதத்தைக் கேட்பார். தேசவழமை அறிந்த நம்மவருக்கு இந்தக் கடைசிக் கேள்வி புதிதன்று. வேலி அயலார் நிலத்துக்குள் ஓடியிருக்கிறதா என்பதை நில அளவையாளரின் அத்தாட்சி காட்டும். ஆனால் கூரை ஒழுகுமா, அத்திவாரம் வெடித்திருக்கிறதா என்பன நொத்தாரிசின் விஷயமல்ல. அவர் எல்லாம் பார்த்துவிட்டார் என்று நம்பி, வீட்டைச் சோதிப்பவருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிப்பது பெரும் பிசகு.

பின்பு உறுதியை வாசிப்பார். அங்கே காணிக்குப் பெயர் கிடையாது. ஏழிலக்க மனையெண் ஒன்றே பெரும்பாலும் அதன் அடையாளம். கூட வந்த யாழ்ப்பாணத்துத் தகப்பனார், "நாலெல்லையும் எங்கை, தம்பி? வடக்காலை ஆற்றை காணி?" என்று மகனிடம் மெல்லக் கேட்டால், அது அறியாமையன்று, எல்லைக்கு அயலானே சாட்சி என்றிருந்த ஊரின் அனுபவம் கேட்கும் கேள்வி அது.

கையொப்பம் ஆனதும் பணம் உடனே விற்பவர் கைக்குப் போவதில்லை. நொத்தாரிசின் பொறுப்புக் கணக்கிலே கிடந்து, உறுதி பதிவேறி, இடையே புதுப் பாத்தியதை எதுவும் புகவில்லை என்று கண்டபின்னரே அவருக்குச் செல்லும். அப்பதிவின் மூலம் நகரசபையும் செய்தி அறிந்து, சில மாதங்களில் கைமாற்று வரிக்கான சீட்டை அனுப்பி வைக்கும். அவ்வரியை ஊரார் 'வரவேற்பு வரி' என்பர். வரவேற்பு என்று பொருள்படும் பியென்வெனு என்பதைத் தம் பெயராகக் கொண்ட ஒரு மந்திரியால் அப்பெயர் வந்தது என்று பலரும் சொல்லுவர். பெயர்க் காரணம் எதுவாயினும், வாங்கினவர் அதற்கென்று ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.