பேக்டரிக்கு எதுகை என்ன?

வால்பாறையில் நாலு நாளாக விடாத மழை. வெளியே தலை காட்ட முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீயைப் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் கோயமுத்தூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். "அம்மிச்சி, பேக்டரிங்கிற வார்த்தைக்கு ஒரு ரைமிங் வேர்டு சொல்லுங்க. நாளைக்கு மிஸ் கேப்பாங்க" என்றாள். அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஏறத்தாழ 30 வருடங்களுக்கு முன்னால் இன்னொரு பிள்ளை அதையே என்னிடம் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு நான் சொன்ன பதில் தப்பு.

அவள் ஏழாம் வகுப்பு. அம்மாவுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. பள்ளிக் கையெழுத்து இதழுக்காக ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக்கொண்டு வந்தாள். விடிகாலையில் சங்கு ஊதுகிறது, அம்மா கிளம்பிப் போகிறாள் என்பதுதான் பாட்டு. ஒரு வரி 'பேக்டரி' என்று முடிந்தது, அடுத்த வரி 'ஹிஸ்டரி' என்று முடிந்தது. நான் சிவப்பு மையால் அடித்து, "இது ரைம் ஆகாது" என்றேன். "அப்ப எதுங்க டீச்சர் வரும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. "அந்த வார்த்தைக்கு ரைமே கிடையாது. டீ, ட்ரீ என்று மாற்றி எழுதிக்கொண்டு வா" என்றேன். மாற்றி எழுதிவிட்டாள். பேக்டரி போனதும் அவள் அம்மாவும் பாட்டிலிருந்து போய்விட்டார். மரமும் மலையும்தான் மிஞ்சின.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள், புலவர் பட்டம் வாங்கியவள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் யாப்பு நூல்களை நிதானமாகப் படித்தேன். அதில் விளங்கியதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஆங்கிலக் கணக்கு. நீளமான ஆங்கிலச் சொல்லில் ஏதாவது ஓர் இடத்தில் குரல் அழுந்தும். அந்த இடத்து உயிரொலியிலிருந்து கடைசி வரை ஒலி ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் உள்ள மெய்யொலி பெரும்பாலும் மாறும். அதுதான் முழு ரைம். பேக்டரியில் குரல் அழுந்துவது 'பே' என்ற இடத்தில். ஹிஸ்டரியில் 'ஹி'. ஆகவே ஹிஸ்டரிக்கு மிஸ்டரி பொருந்தும், பேக்டரி முழுசாகப் பொருந்தாது. பேக்டரிக்குப் பொருந்தும் சொல் எது தெரியுமா? சேட்டிஸ்பேக்டரி! அந்தப் பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையில் ஒவ்வொரு பருவமும் என் கையாலேயே நான் எழுதிய சொல். அது என் நாவில் வரவில்லை.

சரி, அவள் ஏன் ஹிஸ்டரி என்று எழுதினாள்? அவள் காது தமிழ்க் காது. தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் 'டரி' என்றே முடிகின்றன. அடிகளின் கடைசி ஒன்றிவந்தால் அதற்கு நம் இலக்கணத்தில் இயைபு என்று பெயர். அவள் எழுதியது நல்ல இயைபு.

ஆனால் தமிழ்ப் புலவர்கள் இயைபைவிடப் பெரிதாகப் போற்றியது மோனையையும் எதுகையையும். முதல் எழுத்து ஒன்றினால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. எதுகைக்கு முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ஆங்கிலம் வரியின் வாலைப் பிடிக்கிறது, தமிழ் தலையைப் பிடிக்கிறது. அந்தக் கணக்கில் பேக்டரிக்கு எதுகை தூக்கு, தேக்கு, நாக்கு, வாக்கு. கொழுந்துக் கூடையைத் 'தூக்கி' என்று ஒரு வரி தொடங்கினால், அடுத்த வரியைப் 'பேக்டரி' என்று தொடங்கலாம். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

அச்சாக ஒன்றாவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். மோனைக்கும் எதுகைக்கும் கிளை எழுத்துகளும் உரியவை என்று தொல்காப்பியச் செய்யுளியல் சொல்கிறது. கிளை என்றால் உறவு. அதே எழுத்து வராவிட்டால் அதன் உறவுக்கார எழுத்து வரலாம். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமிதசாகரர் எழுதிய யாப்பருங்கலக்காரிகை இந்த உறவுகளை வகை பிரித்துப் பேசுகிறது. 'பட்டு', 'பத்து' என்பவற்றில் இரண்டாம் எழுத்து வேறு, ஆனால் இரண்டும் வல்லினம். அது வல்லின எதுகை. 'கரி', 'நதி' என்பவற்றில் மெய் வேறு, உயிர் ஒன்று. அது உயிர் எதுகை. 'பார்த்து', 'காத்து' என்பவற்றில் நடுவில் ஒரு 'ர்' நுழைகிறது. அது ஆசிடை எதுகை. கிட்டத்தட்ட ஒட்டுவதைத் தப்பு என்று தள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு எதுகை எவ்வளவு முக்கியம் என்றால், அகரவரிசை பரவுவதற்கு முன்பே சொற்களை எதுகை வரிசையில் அடுக்கினார்கள். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாம் எழுத்தைக் கொண்டே நடக்கிறது. அதன் பிறகு 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் முதலெழுத்து வரிசையில் அகராதி நிகண்டு செய்தார்.

1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தார். அவர் இத்தாலியில் பிறந்தவர், ஏலாக்குறிச்சியில் பல காலம் வாழ்ந்தவர். சதுர் என்றால் நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை என்று அதில் நான்கு பகுதிகள். நான்காவதான தொடையகராதி, எதுகைக்குப் பொருந்தும் சொற்களைத் திரட்டித் தருவது. வேறு மொழி பேசி வளர்ந்த ஒருவர், தமிழில் பாட்டு எழுத வருபவன் எங்கே தடுமாறுவான் என்று அறிந்து செய்த உதவி அது. 1824-இல் சதுரகராதி சென்னையில் அச்சானது.

ஆங்கிலத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1570-இல் பீட்டர் லெவின்ஸ் சொற்களை அவற்றின் கடைசி அசைப்படி தொகுத்தார். 1775-இல் ஜான் வாக்கர், சொல்லின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வரிசைப்படுத்தி ஓர் அகராதி வெளியிட்டார். அவர்களுடைய காது வரியின் கடைசியில், நம்முடையது தொடக்கத்தில். அகராதிகளும் அப்படியே அமைந்தன.

அப்படியானால் ஆங்கிலத்திலாவது ஹிஸ்டரி தப்புத்தானே என்று கேட்பீர்கள். அங்கேயும் அரைகுறை ரைமுக்கு இடம் உண்டு. அமெரிக்காவில் எமிலி டிக்கின்சன் என்ற கவிஞர் இருந்தார். முழுசாக ஒட்டாத ரைம்களை விரும்பியே எழுதினார். அவர் 1886-இல் இறந்தார். 1890-இல் அவர் கவிதைகளைப் புத்தகமாக்கியவர்கள் நல்லது செய்வதாக நினைத்து, சில இடங்களில் ரைம் சரியாக வரும்படி சொற்களையே மாற்றிவிட்டார்கள். அவர் எழுதியபடியே மொத்தக் கவிதைகளும் வெளிவர 1955 ஆயிற்று. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு என் சிவப்பு மைப் பேனாதான் ஞாபகம் வந்தது.

பேத்திக்கு மறுபடி போன் செய்து சேட்டிஸ்பேக்டரி என்று சொன்னேன். மிஸ் 'குட்' போட்டார்களாம். கூடவே, "ஹிஸ்டரின்னும் எழுதலாம் சாமி, அது பாதி ரைம், தப்பில்லை" என்றும் சொல்லி வைத்தேன்.

அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எஸ்டேட் வேலையை விட்டுத் திருப்பூர், கோயமுத்தூர் என்று போன குடும்பங்கள் எத்தனையோ. இந்தப் பதிவைப் பார்த்தால் அவளுக்கே தெரியும், தன்னைத்தான் டீச்சர் சொல்கிறார் என்று. கண்ணு, நீ எழுதியது சரி. உன் அம்மா அந்தப் பாட்டில் இருந்திருக்க வேண்டும். அந்த நாலு வரியும் உனக்கு ஞாபகம் இருந்தால் அப்படியே எழுதி அனுப்பு. இந்த முறை நான் திருத்த மாட்டேன்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். 'எஸ்டேட்' என்ற சொல்லுக்கு எதுகையும் இயைபும் கண்டுபிடித்துக் கீழே எழுதுங்கள். கிட்டத்தட்ட ஒட்டினால் போதும், மதிப்பெண் உண்டு. மழைக்காலம், மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் பார்த்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்