இரண்டின் அறுபத்தேழாம் அடுக்கு

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடமொன்றில் வாழ்ந்த மாரேன் மெர்சென் என்னும் துறவி, ஐரோப்பியப் பண்டிதர்களுக்கெல்லாம் ஓயாமல் கடிதம் எழுதி, ஒருவர் கண்டதை மற்றவருக்கு அறிவிப்பதையே தம் விரதமாகக் கொண்டிருந்தார். 1644-இல் வெளியிட்ட நூலின் முகவுரையில், இரண்டை இரண்டாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கி வரும் தொகையில் ஒன்றைக் கழித்தால், 257-ஆம் அடுக்கு வரையில் எந்தெந்த அடுக்குகளில் பகா எண் கிடைக்கும் என்று அவர் ஒரு ஜாபிதா கொடுத்தார். அதில் 67-உம் இருந்தது. இருபத்தொரு இலக்கங்கள் கொண்ட 147573952589676412927 என்ற அந்த எண்ணை அவர் சோதித்துப் பார்த்திருக்க மார்க்கமே இல்லை. ஆயினும் அதைப் பற்றிய அவர் வாக்கை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எவரும் மறுத்துக் காட்டவில்லை.

1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூகா, தாம் வகுத்த புதிய பரீட்சையின் மூலம் அது பகா எண் அன்று என்று ஸ்தாபித்தார். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும் தர்க்கத்தைப் போன்றது அது. எண் பிளவுபடும் என்பது நிச்சயமாயிற்று. எவ்விரு எண்களாகப் பிளவுபடும் என்பதோ மர்மமாகவே நின்றது.

அம்மர்மத்தை அவிழ்த்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் சபையில், அவர் வாய் திறவாமல் கரும்பலகையை அணுகி, ஒரு புறம் இரண்டின் 67-ஆம் அடுக்கைக் கணித்து ஒன்றைக் கழித்தார் என்றும், மறுபுறம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கி, இரு விடைகளும் ஒன்றாயிருக்கக் கண்டதும் மௌனமாகவே ஆசனத்துக்குத் திரும்பினார் என்றும், சபை கரகோஷம் செய்தது என்றும் கணித வரலாற்றை எழுதிய ஈ. டி. பெல் சொல்கிறார். அவ்விரு எண்களைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின என்று கோல் பின்னர்த் தம்மிடம் கூறியதாகவும் அவர் சொல்கிறார். பெல் கதைகளுக்குக் கொஞ்சம் மெருகேற்றுகிறவர். அந்த மௌனம் எவ்வளவு பூரணமானதோ! உழைப்பைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த எண்ணின் காரணி எதுவாயினும், அதை 134-ஆல் வகுத்தால் 1 மீதிவர வேண்டும். எட்டால் வகுத்தால் 1 அல்லது 7 மீதிவர வேண்டும். முதல் விதியை மட்டும் பற்றிக்கொண்டு 134-இன் மடங்குகளாக ஏறிச் சென்றால், சிறிய காரணியாகிய 193707721-ஐ எட்டுவது 14,45,580-ஆம் படியில். கோல் அப்படி ஒவ்வொன்றாக ஏறியவரல்லர். வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகளாகிய இருபடி எச்சங்களைப் பற்றிய விதிகளைக் கொண்டு தகாதவற்றைக் கூட்டங்கூட்டமாக விலக்கினார். எனினும் மீந்தவற்றை எல்லாம் காகிதத்தில், கையால் அன்றோ சோதிக்க வேண்டியிருந்தது!

மெர்சென் ஜாபிதாவில் 67-ஐப் போலவே 257-உம் பிழை. 61, 89, 107 ஆகியன விடுபட்டவை. அது முழுவதும் சரிபார்க்கப்பட்டது 1947-இல்தான். ஆனால் கோலின் விடையைச் சரிபார்க்கப் பள்ளிக்கூடப் பெருக்கலே போதும். ஓய்வுள்ள வாசகர்கள் ஒரு காகிதத்தை எடுத்து அவ்விரண்டு எண்களையும் தாங்களே பெருக்கிப் பார்க்கலாம்.