ஆயாக் கொட்டகையும் மழலை மொழியும்

வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைக்கு மலாயும் ஆங்கிலமும் வரத் தாமதமாகாதா என்று, பாலர் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் என்னிடம் வினவுவதுண்டு. பள்ளிக்கு வருமுன் பிள்ளைக்கு மொழி எங்கிருந்து கிடைக்கிறது என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

மலாயாவில் 1923-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகளேனும் இருந்த தோட்டங்களில் பள்ளி அமைக்க நிருவாகத்தைக் கட்டாயப்படுத்தியது. ஆனால், அச்சட்டம் கணக்கிட்டது 7 முதல் 14 அகவை வரையிலான பிள்ளைகளையே. பேச்சு வேரூன்றும் முதல் ஆறேழு ஆண்டுகள் ஆயாக் கொட்டகையின் பொறுப்பில் விடப்பட்டன.

விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய்மார் கைக்குழந்தையை அங்கே விட்டுச் செல்வர். வரிசையாகத் துணித்தொட்டில்கள், பால்மரம் வெட்ட இயலாத மூதாட்டி ஒருவரோ இருவரோ காவல். தாலாட்டும் விடுகதையும் ஏச்சும் எல்லாம் தமிழே. இதனைப் பொற்காலம் என்று போற்றுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அத்தனை பிள்ளைகளின் மழலைக்கும் ஒரு கிழவி எத்தனை முறைதான் மறுமொழி கூற முடியும்? கஞ்சி ஊட்டவும் துடைத்துவிடவுமே பொழுது போதாது. பேச்சுக்குப் பேச்சு கொடுத்தவர்கள் பெரும்பாலும் இடுப்பில் சுமந்து திரிந்த அக்காமார்தாம். அதற்காகவே பள்ளிக்கு வராமல் நின்றுபோன அக்காமார் எத்தனை பேரோ!

அமெரிக்காவில் ரேச்சல் ரோமியோ குழுவினர் 4 முதல் 6 அகவையினரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. காதில் விழும் சொற்களின் எண்ணிக்கையைவிட, பிள்ளையும் பெரியவரும் மாறிமாறிப் பேசிக்கொள்வதே மூளையின் மொழிப்பகுதிச் செயற்பாட்டோடு நெருங்கிய தொடர்புடையதாக அதில் காணப்பட்டது. கொட்டகையில் தமிழ் நிறைந்திருந்தது. மறுமொழிதான் அரிதாக இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொணர்ந்தது. இன்று பல வீடுகளில் ஆயாவின் இடத்தில் கைப்பேசி இருக்கிறது. அது ஓயாது பேசுகிறது. பிள்ளை சொல்வதற்குக் காத்திருப்பதில்லை.

இரு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை என்பது ஆய்வாளர் முடிபு. ஆகவே, உங்களுக்குச் சரளமாக வரும் தமிழிலேயே பிள்ளையோடு உரையாடுங்கள். இரண்டு அகவை நிறைந்தும் இரு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையை, தமிழை நிறுத்திப் பார்ப்பதற்கு முன், செவிச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.