வெஸ்ட்ரே - பாப்பா வெஸ்ட்ரே வான்வழி

வெஸ்ட்ரே - பாப்பா வெஸ்ட்ரே வான்வழி என்பது ஐக்கிய இராச்சியத்தின் ஸ்காட்லாந்துக்கு வடக்கே அமைந்துள்ள ஓர்க்னி தீவுக்கூட்டத்தின் இரு சிறு தீவுகளை இணைக்கும் வானூர்திச் சேவை ஆகும். கால அட்டவணைப்படி இயங்கும் பயணிகள் வானூர்திச் சேவைகளுள் இதுவே உலகில் மிகக் குறுகியது எனக் கின்னஸ் உலக சாதனைகள் நூலில் பதிவாகியுள்ளது. 1967 ஆம் ஆண்டு முதல் லோகன்ஏர் நிறுவனம் இச்சேவையை நடத்தி வருகின்றது.

தொலைவு

இரு வானூர்தி நிலையங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 2.7 கி.மீ. (1.7 மைல்) ஆகும். இது எடின்பரோ வானூர்தி நிலைய ஓடுபாதையின் நீளத்திற்கு ஏறக்குறைய சமமானது. இரு நிலையங்களும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில், கிழக்கு மேற்காக அமைந்துள்ளன.

பறப்பு நேரம்

கால அட்டவணையில் இப்பயணத்திற்கு 2 நிமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. காற்று சாதகமாக இருப்பின் ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரமே தேவைப்படும். பதிவான மிகக் குறைந்த நேரம் 53 நொடிகள் ஆகும்; இது மணிக்கு ஏறத்தாழ 183 கி.மீ. சராசரி வேகத்திற்கு ஈடானது.

பொதுவாகத் தொலைவை வானூர்தியின் வேகத்தால் வகுத்துப் பறப்பு நேரம் கணிக்கப்படுகின்றது. மணிக்கு 240 கி.மீ. வேகம் எனக் கொண்டால் இத்தொலைவைக் கடக்க 40 நொடிகள் போதும். ஆனால் புறப்பாடும் தரையிறக்கமும் குறைந்த வேகத்தில் நடைபெறுகின்றன. காற்றின் திசைக்கேற்ப ஓடுபாதையைத் தேர்ந்து வளைந்து செல்லவும் நேரிடும். நீண்ட பயணங்களில் இந்நேரம் சிறு பங்கே. இங்கோ அதுவே பயணத்தின் பெரும்பகுதி ஆகின்றது.

வானூர்தி

1965 ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த பிரிட்டன்-நார்மன் ஐலண்டர் வகை வானூர்தி இதில் பயன்படுகின்றது. இரு உந்துபொறிகள் கொண்ட இது குறுகிய ஓடுபாதைகளுக்கு ஏற்றது. வானோடி ஒருவர் மட்டுமே என்பதால் அவருக்கு அருகிலுள்ள இருக்கையிலும் பயணி அமரலாம்.

முக்கியத்துவம்

ஓர்க்னியின் தலைநகரான கிர்க்வாலில் இருந்து புறப்படும் வானூர்தி இரு தீவுகளிலும் அடுத்தடுத்து இறங்கித் திரும்புவதாலேயே இக்குறும்பயணம் உருவாகின்றது. பாப்பா வெஸ்ட்ரேயில் 100க்கும் குறைவான மக்களே வாழ்கின்றனர். கிர்க்வாலுக்கு வானூர்தியில் செல்ல ஏறத்தாழ கால் மணி நேரமே ஆகும். கடல் கொந்தளிப்பால் படகுகள் தடைப்படும் காலத்தில் மருத்துவ உதவிக்கும் ஆசிரியர்களின் வருகைக்கும் மக்கள் இச்சேவையையே நம்பியுள்ளனர். வருமானம் மட்டும் கருதி இத்தகைய வழித்தடத்தை நடத்துதல் இயலாது. எனவே இது பொதுச் சேவைக் கடப்பாட்டின் கீழ் அரசு மானியத்துடன் இயங்குகின்றது.

புதிய கற்காலப் பண்ணை வீடான நாப் ஒவ் ஹோவரைக் காண வருவோரும், இக்குறும்பயணத்திற்காகவே வருவோரும் இச்சேவையைப் பயன்படுத்துகின்றனர்.