வரி ஓடிய கல்

1987இல் ராஜபாளையத்தில் வீடு கட்டினேன். நிலைக்கு மேலே போட வந்த கற்பலகை, வண்டியிலிருந்து இறக்கும்போதே இரண்டாகப் போனது. அன்றைக்கு அது எனக்குப் பெரிய பணம். கல் விற்றவரிடம் சண்டைக்குக் கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த வயதான கல்தச்சர் தடுத்தார்.

"கல்லுல குத்தமில்ல தம்பி. இது வரி ஓடுன கல்லு. வரி பாக்காம வெட்டிட்டாங்க."

உடைந்த பலகையில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள். கூட வந்த இன்னொரு கல்லில் ஒரு வரிகூட இல்லை. ஒரே பக்கத்துக் கல் ஏன் இப்படி வேறுபடுகிறது? பணி ஓய்வுக்குப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் நெருங்கி வந்து மோதி, கோண்டுவானா என்ற ஒரே கண்டமாயின. அந்த மோதலில் மலைகள் எழுந்தன. நம் ஊர்ப் பாறைகள் அப்போது பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்துகொண்டிருந்தன. ராஜபாளையத்துப் பாறையில் சஃபிரின் என்ற கனிமமும் குவார்ட்ஸும் ஒட்டி இருப்பதை ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் 2004இல் எழுதினார்கள். ஏறக்குறைய 1000 டிகிரி வெப்பத்தில்தான் அவை அப்படிச் சேரும். பாறையில் ஈரம் குறைவு என்பதால் அது முழுவதும் உருகிவிடவில்லை.

ஆனால் நெருக்கடி எல்லா இடத்தையும் ஒன்றுபோல வளைக்கவில்லை. ஜமுக்காளத்தை ஒரு ஓரத்திலிருந்து தள்ளிப் பாருங்கள். ஒரு இடத்தில் மடிப்பு குவியும். மற்ற இடம் சமமாகவே கிடக்கும். பாறையும் அப்படித்தான். இளகிய இடம் நசுங்கி, இழுபட்டு, வரி வரியானது. இறுகிய இடம் அசையாமல் நின்றது. நமக்குத் தெற்கே அச்சன்கோவில் வழியாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் பட்டையில் இந்த இழுபறி மிக அதிகம். அதன் அகலம் சுமார் 10 முதல் 20 கிலோமீட்டர்.

அன்றைய மலைகள் தேய்ந்துவிட்டன. இன்று மேற்கே தெரியும் மலை, கோண்டுவானா பிரிந்த பிறகு உயர்ந்தது. கல் பழையது, உயரம் புதியது.

உடைந்த பலகை இப்போது கொல்லையில் துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது. கல்தச்சர் இப்போது இல்லை. படித்ததை அவரிடம் சொல்லியிருந்தால், "அதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்" என்றிருப்பார். உங்கள் வீட்டு வாசற்படியையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். வரி ஓடுகிறதா?